அழுவதற்கு ஒரே ஒரு தோழிதான் இருக்கிறாள்

கேள்வி: தாமிரபரணி
தை மாதம் அம்மா இறந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உறவினர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். அப்பா யாரிடமும் பேசுவதில்லை. துபாயில் இருக்கும் அண்ணனோ, "நீதான் அப்பாவுக்குத் தைரியம் சொல்ல வேண்டும்" என்கிறான். நான் மனம்விட்டு அழுவது பள்ளித் தோழி ஒருத்தியிடம் மட்டும்தான். அவள் மதுரையில் நர்ஸ். கைக்குழந்தை வேறு. இரவு டியூட்டி முடிந்து படுத்தவளை எழுப்பி, அம்மாவின் புடவைகளை என்ன செய்வது என்று கேட்டதையே கேட்கிறேன். ஒருநாள்கூட அவள் சலித்துக்கொண்டதில்லை. எனக்குத்தான் பயமாக இருக்கிறது. இன்னும் எத்தனை நாள் அவள் தோளில் சாய்வது?

பதில்: மலைக்கோட்டை
உங்கள் தோழியின் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். என் சிநேகிதியின் கணவர் விபத்தில் போனபோது அவளுடைய அழுகை எனக்குப் பாரமாகவே இல்லை. "ஏதாவது செய்யட்டுமா?" என்றால் "ஒன்றும் வேண்டாம்" என்பாள், அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. பிறகு ஒருநாள், "வாரிசுச் சான்றிதழுக்குத் தாசில்தார் அலுவலகம் போக வேண்டும், தனியாகப் போக முடியாது, வா" என்றாள். எனக்கு உயிரே வந்தது. இறப்புச் சான்றிதழையும் ஆதார் நகல்களையும் நானே அடுக்கி எடுத்துப் போனேன். அங்கே காத்திருந்த நேரமெல்லாம் அவள் கணவரைப் பற்றியே பேசினாள், நடுவில் சிரிக்கக்கூடச் செய்தாள். உங்கள் தோழியையும் வார விடுமுறையில் வரச் சொல்லுங்கள். பீரோவை இருவருமாகத் திறங்கள். எந்த நேரத்தில் அழைக்கலாம் என்றும் அவளிடமே கேளுங்கள், உரிமையுள்ளவள், சொல்வாள்.

பதில்: பொதிகை
நான் சொல்வது அப்பாவைப் பற்றி. அவரும் துணை இல்லாமல் நிற்கிறார். ஆறுதல் சொல்லப் போகாதீர்கள், "அம்மா சொதிக்கு எத்தனை தேங்காய் எடுப்பார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். என் அப்பா அப்படித்தான் வாய் திறந்தார். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் இல்லை என்றால் 14416-ஐ அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம், நள்ளிரவிலும் எடுப்பார்கள்.

தாமிரபரணி
இருவருக்கும் நன்றி. தோழி ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு வருகிறாள். வாரிசுச் சான்றிதழ் நாங்களும் வாங்கவில்லை. நேராகத் தாசில்தார் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டுமா?

மலைக்கோட்டை
வேண்டாம், இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வருவார். அன்று அப்பா வீட்டில் இருக்கட்டும்.