ரௌட்டரை அணைத்து மறுபடி போட்டால் பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ ஆகிறது

கேள்வி:
வைஃபை வசதியுள்ள ஒரே பிரிண்டரை வீட்டில் உள்ள மடிக்கணினிகளும் கைபேசிகளும் பகிர்ந்து பயன்படுத்துகின்றன. ரௌட்டரை அணைத்து மறுபடி போட்டால், பெரும்பாலும் விண்டோஸ் மடிக்கணினிகளில் அது ‘ஆஃப்லைன்’ என்று காட்டுகிறது. அதே வேளையில் ஐபோனிலிருந்து தடையின்றி அச்சாகிறது. பிரிண்டரை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் சரியாகிவிடுகிறது என்றாலும், ஒவ்வொரு முறையும் அதையே செய்வது அலுப்பாக இருக்கிறது. நிலையான தீர்வு உண்டா? யுஎஸ்பி மட்டுமே உள்ள பழைய லேசர் பிரிண்டர் ஒன்றையும் இதே நெட்வொர்க்கில் சேர்க்க இயலுமா?

மறுமொழி 1:
ஐபோனில் அச்சாகிறது என்பதால் பிரிண்டரின் மீதும் வைஃபையின் மீதும் பழுதில்லை. ஐபோனில் உள்ள ஏர்பிரிண்ட் என்னும் அச்சிடும் வசதி, அச்சிடும்போதெல்லாம் நெட்வொர்க்கில் எந்தப் பிரிண்டர் இருக்கிறது என்று புதிதாகத் தேடுகிறது. விண்டோஸில் பிரிண்டர் டிசிபி/ஐபி போர்ட் (முகவரியைக் குறித்துவைத்து அணுகும் இணைப்பு) வழியாகச் சேர்க்கப்பட்டிருந்தாலோ, அன்று குறித்துக்கொண்ட ஐபி முகவரிக்கே (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண்) தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்கும். ரௌட்டர் மறுபடி இயங்கும்போது பிரிண்டருக்கு வேறு முகவரி கிடைத்திருந்தால், பழைய முகவரியில் பதில் சொல்ல ஆளிருக்காது. பிரிண்டரிலிருந்து நெட்வொர்க் விவரத் தாளை அச்சிட்டு, அதிலுள்ள முகவரியை விண்டோஸில் பிரிண்டர் பண்புகளின் ‘போர்ட்ஸ்’ பகுதியில் உள்ளதுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால், ரௌட்டரின் டிஎச்சிபி அமைப்பில் (கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் பகுதி) பிரிண்டரின் மேக் முகவரியை (கருவிக்கே உரிய அடையாள எண்) கொடுத்து, ஒரு ஐபி முகவரியை அதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

மறுமொழி 2:
பிரிண்டரிலேயே நிலையான முகவரியை எழுதிவிடும்படி சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டிஎச்சிபி வழங்கும் வரம்புக்குள் அந்த முகவரி விழுந்தால், ரௌட்டர் அதையே வேறொரு கருவிக்கும் கொடுத்துவிடக்கூடும். 192.168.1 வரிசையிலிருந்து 192.168.0 வரிசைக்கு மாறும் புதிய ரௌட்டர் வந்தால் பிரிண்டர் தொடர்பே அறுந்துவிடும்.

கேட்டவர்:
போர்ட்டில் 192.168.1.5 என்றும், அச்சிட்ட தாளில் 192.168.1.9 என்றும் இருந்தன. பின்னதை ஒதுக்கிவிட்டு, போர்ட்டையும் மாற்றினேன்; ரௌட்டரை அணைத்து மறுபடி போட்ட பிறகும் அச்சாகிறது. மிக்க நன்றி.

மறுமொழி 3:
பழைய பிரிண்டரை ஒரு கணினியில் இணைத்து, பண்புகளில் ‘ஷேரிங்’ பகுதிக்குச் சென்று பகிரலாம். அந்தக் கணினியின் நெட்வொர்க் வகை ‘பிரைவேட்’ ஆக இருப்பது நல்லது. அது உறக்க நிலைக்குப் போனால் யாராலும் அச்சிட முடியாது என்பதுதான் இதிலுள்ள தொல்லை. எப்போதும் இயங்கும் சிறு கணினி வேண்டுமென்றால், ராஸ்பெரி பை என்னும் சிறு கணினிப் பலகையில், அச்சிடுவதைக் கவனிக்கும் கப்ஸ் மென்பொருளை நிறுவலாம். பிரிண்டர் இருப்பதை நெட்வொர்க்கில் அறிவிக்கும் அவாஹி மென்பொருளும் சேர்ந்து இயங்கினால் ஐபோனிலும் அந்தப் பிரிண்டர் தென்படும். ஆனால் சில மலிவு லேசர் பிரிண்டர்களுக்கு ராஸ்பெரி பையின் ஆர்ம் வகைச் செயலிக்கேற்ற டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) கிடைப்பதில்லை. ஆகவே பலகையை வாங்குவதற்கு முன்பே உங்கள் மாடலுக்கு அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.