உச்சா சொல்லிவிடுகிறான், ஆய்க்கு மட்டும் டயாப்பர் கேட்டு அழுகிறான். என்ன செய்வது?

வலங்கைமான்காரி:
வணக்கம். பையனுக்கு இரண்டு வயது ஒன்பது மாதம். வலங்கைமான் பக்கத்தில் கிராமம். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். வீட்டில் நான், மாமியார், பையன் மூன்று பேர்தான்.

சித்திரையில் டயாப்பரை நிறுத்த ஆரம்பித்தேன். உச்சாவுக்குப் பெரிய பாடு இல்லை. வெயில் காலம், ஜட்டிகூட இல்லாமல் அரைஞாண் கயிறோடு திரிந்தான். இரண்டு வாரம் வீடெல்லாம் துடைத்தேன், அப்புறம் அவனே "அம்மா உச்சா" என்று கொல்லைக்கு ஓட ஆரம்பித்துவிட்டான். பகலில் இப்போது ஒரு சொட்டு தரையில் விழுவதில்லை.

ஆய் வந்தால் கதையே வேறு. எங்கள் வீட்டு ரேழியில் ஒரு பழைய பத்தாயம் இருக்கிறது. நெல் கொட்டிய காலம் போய் இப்போது அதில் அண்டாவும் தாம்பாளமும் கிடக்கின்றன. அதன் பின்னால் போய் நின்றுகொள்வான். இரண்டு காலையும் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நின்று, பத்தாயத்து விளிம்பைப் பிடித்தபடி முகம் சிவக்க முக்குவான். கிட்டே போனால் "டயாப்பர் போடு" என்று ஒரே அழுகை. போட்டுவிட்டால் நின்றபடியே போய்விடுவான். போடாவிட்டால் இரண்டு நாள், மூன்று நாள்கூட அடக்கிவிடுகிறான்.

கக்கூஸ் கொல்லையில் தள்ளி இருக்கிறது, உட்காருகிற இந்தியன் டைப். கும்பகோணம் போனபோது பிள்ளைகள் ஆய் போக உட்காருகிற பாட்டி (potty) சேர், வாத்து மாதிரி மஞ்சளாக ஒன்று வாங்கி வந்தேன். அதில் தன் டிராக்டரை நிறுத்தி வைத்திருக்கிறான், உட்காரமாட்டேன் என்கிறான்.

விஜயதசமிக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று கேட்டோம். டயாப்பர் இல்லாமல் வரவேண்டும் என்கிறார்கள். அத்தை வேறு, "எம் புள்ளையெல்லாம் ஒரு வயசுலயே சொல்லிட்டான்" என்று தினமும் ஒரு தடவை சொல்லிவிடுகிறார். ஒரு நாள் ஆத்திரத்தில் முதுகில் ஒன்று வைத்தும் விட்டேன். அதிலிருந்து என்னைக் கண்டாலே பத்தாயத்துக்குப் பின்னால் போய்விடுகிறான். யாராவது வழி சொல்லுங்கள்.

மன்னார்குடி மருமகள்:
டயாப்பர் பாக்கெட்டையே வீட்டை விட்டு எடுத்துவிடுங்கள் அக்கா. கண்ணில் பட்டால்தானே கேட்பான்? நாங்கள் எங்கள் பெண்ணுக்கு மூன்றே நாளில் முடித்தோம். வெள்ளி, சனி, ஞாயிறு எங்கும் போகாமல் கூடவே இருந்தோம். போனால் ஒரு சாக்லேட்.

பட்டுக்கோட்டை இரட்டை அப்பா:
எங்கள் இரண்டு பையன்களில் ஒருவன் அந்த மாதிரி மூன்று நாளில் முடிந்தவன், இன்னொருவன் உங்கள் பையன் மாதிரி. அவனுக்கும் டயாப்பரை ஒளித்துவைத்துப் பார்த்தோம். ஐந்து நாள் போகவே இல்லை. ஆறாம் நாள் போனபோது போட்ட கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்தார். பாக்கெட்டை இப்போது எடுத்துவிடாதீர்கள்.

முதலில் இதைச் சொல்லுங்கள். ஆய் எப்படிப் போகிறான்? கெட்டியா, இளகலா? எத்தனை நாளுக்கு ஒரு தடவை? பால் எவ்வளவு குடிக்கிறான்?

வலங்கைமான்காரி:
டயாப்பர் போட்டாலும் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவைதான் அண்ணா. ஆட்டுப் புழுக்கை மாதிரி இருக்கும், இல்லாவிட்டால் ஒரே பெரிய கட்டியாக. ஆடி மாதம் ஒரு தடவை மேலே ரத்தம் கோடு போட்ட மாதிரி இருந்தது, பயந்துவிட்டேன்.

பால் நிறையக் குடிப்பான். காலையில், பதினொரு மணிக்கு, சாயந்திரம், தூங்கும்போது என்று நாலு பெரிய டம்ளர். சாதம் நாலு வாய்தான், பிஸ்கெட் என்றால் கணக்கே இல்லை. காயைத் துப்பிவிடுவான்.

இன்னொன்று. சில நாள் ஜட்டியில் தண்ணியாகக் கறை இருக்கிறது. அத்தை வயிற்றுப்போக்கு என்று வாழைக்காயும் தயிர்சாதமும் கொடுக்கிறார். போகாத நாளில் வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து வைத்து எடுப்பார். இரண்டு மூன்று தடவை செய்திருக்கிறோம்.

பாபநாசம் நர்ஸம்மா:
கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி மா.

உன் பையன் முக்கவில்லை, அடக்குகிறான். காலைப் பின்னிக்கொண்டு நுனிக்காலில் நிற்பது வெளியே வருவதை உள்ளே தள்ளுகிற வேலை. பார்க்கிற நமக்கு முக்குகிற மாதிரியே தெரியும். போக வேண்டும் என்று நினைக்கிற பிள்ளை குந்தி உட்காரும், இப்படி விறைத்து நிற்காது.

ஆடியில் ரத்தம் பார்த்தாய் அல்லவா? கெட்டியாகப் போனதில் ஆசனவாய் ஓரம் லேசாகக் கீறியிருக்கும். எரிந்திருக்கும். ஆய் வந்தால் வலிக்கும் என்று அவன் கணக்குப் போட்டுக்கொண்டான், அதனால் அடக்குகிறான். அடக்கிவைத்ததில் இருக்கிற தண்ணீரைப் பெருங்குடல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மூன்றாம் நாள் அது கல். மறுபடி வலி, மறுபடி அடக்கல். இந்தச் சுற்றை உடைக்காமல் வாத்து வாங்கினாலும் யானை வாங்கினாலும் உட்காரமாட்டான்.

ஜட்டியில் தண்ணிக் கறை இருக்கிறதே, அது பேதியாக இருக்காது என்றே நினைக்கிறேன். உள்ளே கட்டி அடைத்துக்கொண்டிருக்கும்போது மேலே இருக்கிற இளகல் ஓரமாகக் கசிந்து வரும். அவனுக்கே தெரியாது. அதற்கு வாழைக்காய் கொடுத்தால் எரிகிற அடுப்பில் இன்னொரு விறகு.

வெற்றிலைக் காம்பு வேண்டாம். சோப்புத் துண்டு வைப்பார்கள், அதுவும் வேண்டாம். எந்த இடத்தில் பயமோ அதே இடத்தில் நாமும் குத்தினால் பயம் கூடத்தான் செய்யும்.

குழந்தை டாக்டரிடம் காட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினாலும் சரி. வயிற்றைத் தொட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். மலத்தை இளக்க மருந்து எழுதுவார்கள், பெரும்பாலும் லாக்டுலோஸ் சிரப், இல்லாவிட்டால் பாலிஎத்திலீன் கிளைக்கால் தூள். இரண்டும் குடலுக்குள் தண்ணீரைப் பிடித்துவைத்து இளக்குபவை. பழக்கமாகிவிடும் என்று பயந்து ஒரு வாரத்தில் நிறுத்திவிடாதே. எல்லோரும் தப்பு செய்வது இந்த இடத்தில்தான். இளகலாகப் போனால் வலிக்காது என்று அவன் மறுபடி நம்ப மாதக்கணக்கில் ஆகும், அதுவரைக்கும் மருந்து ஓடவேண்டும். அளவை டாக்டர்தான் சொல்லவேண்டும், கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதே.

பால் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குள் வை. பால் வயிற்றை அடைத்துவிடுவதால்தான் சாதம் நாலு வாய். பூவன் பழம் நன்றாகக் கனிந்தது, கொய்யா, ஊறவைத்த உலர் திராட்சை, கீரையைப் பருப்போடு மசித்தது, அப்புறம் தண்ணீர். துப்பினாலும் தினமும் கொஞ்சம் தட்டில் வை.

வயிறு உப்புசம், பச்சையாக வாந்தி, காய்ச்சல், எடை குறைவது, பிறந்த முதல் இரண்டு நாள் மலமே போகாதது, இதில் ஏதாவது இருந்தால் காத்திருக்காதே, உடனே போ.

மன்னார்குடி மருமகள்:
மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா, இந்த மலச்சிக்கல் விஷயம் எனக்குத் தெரியாது. டயாப்பரை எடுக்கவேண்டாம். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்களே, அதை உங்கள் அத்தை வாயில் போட்டுக்கொள்ளட்டும் :)

நன்னிலம் பேரன்:
எங்கள் அப்பாயிக்கு எண்பது தாண்டிவிட்டது. இதைப் படித்துக் காட்டினேன், அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

"ஒரு வயசுல புள்ள எங்க சொல்லிச்சு, நாமதான் பாத்துப் பாத்து உக்கார வச்சோம். பால் குடிச்சு முடிச்சதும் கால நீட்டி, ரெண்டு பாதத்துக்கு நடுவுல உக்கார வச்சு, முட்டியில சாச்சுக்கிட்டு, ஸ்ஸ்ஸுன்னா போயிடும். நம்ம ஒடம்பு கூட ஒட்டிக்கிட்டிருக்கும், அதனால பயம் இல்ல. அந்தப் பள்ளத்த பாத்தாத்தான் புள்ளைக்கு பயம். நாம விழுந்துடுவோமோன்னு. கொல்லையில வெளிச்சம் இருக்கான்னு கேளு."

பாபநாசம் நர்ஸம்மா:
பெரியம்மா சொன்னது சரி. ஒன்றரை வயதுக்கு முன்னால் அடக்கிவைத்துச் சொல்கிற கட்டுப்பாடு பெரும்பாலான பிள்ளைகளுக்கு வராது. அந்தக் காலத்தில் பழகியது அம்மாதான். சாப்பிட்டதும் உட்கார வைத்தார்களே, அதில் விஷயம் இருக்கிறது. வயிறு நிறைந்ததும் குடல் தானாக அசையும். அதனால் காலையிலும் ராத்திரியிலும் சாப்பிட்டு முடித்ததும் ஐந்து நிமிடம் உட்கார வை. வந்தாலும் வராவிட்டாலும் ஐந்து நிமிடம்தான். பாதம் தரையில் நன்றாகப் பதிந்திருக்கவேண்டும். கால் தொங்கினால் பிள்ளையால் முக்க முடியாது.

பட்டுக்கோட்டை இரட்டை அப்பா:
எங்களுக்கு டாக்டர் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறேன், கேட்டால் சிரிப்பு வரும். முதலில் டயாப்பர் போட்டுத்தான் போகட்டும், ஆனால் பத்தாயத்துக்குப் பின்னால் இல்லை, பாட்டி சேர் பக்கத்தில் நின்று. பழகியதும் டயாப்பரோடு அதில் உட்காரட்டும். அப்புறம் டயாப்பரின் அடியில் கத்தரிக்கோலால் ஓர் ஓட்டை. ஐந்து ரூபாய் நாணயம் அளவில் ஆரம்பித்தோம். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை பெரிதாக்கினோம். கடைசியில் இடுப்பில் சும்மா ஒரு பட்டைதான் மிச்சம். ஒரு நாள் அவனே "இது எதுக்கு" என்று கழற்றிப் போட்டான்.

ஆனால் மலம் இளகி ஒரு வாரமாவது ஆனபிறகு ஆரம்பியுங்கள். வலி இருக்கும்போது ஓட்டை போட்டுப் பயனில்லை.

வலங்கைமான்காரி:
பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். டாக்டர் வயிற்றைத் தொட்டதும் இடது பக்கம் கட்டியாகத் தட்டுப்படுகிறது என்றார். என் விரலையும் வைத்துக் காட்டினார், பந்து மாதிரி இருந்தது. நர்ஸம்மா சொன்ன அதே சிரப். முதல் நாலு நாள் பழசு எல்லாம் இறங்கியது. துவைத்துத் துவைத்துக் கை ஓய்ந்துவிட்டது. இப்போது தினமும், சில நாள் ஒன்றுவிட்டு ஒரு நாள், கூழ் மாதிரிப் போகிறான். ஆனாலும் டயாப்பரில்தான்.

பள்ளிக்கூடத்தில் பேசினேன், பொங்கலுக்கு அப்புறம் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு பாரம் இறங்கியதும் எனக்கே கோபம் குறைந்துவிட்டது.

ஒரு சந்தேகம். டயாப்பரில் போனதைக் கொல்லையில் வாழை மரத்தடியில் கொட்டிவிடலாமா? பிள்ளை ஆய்தானே என்கிறார் அத்தை.

பாபநாசம் நர்ஸம்மா:
கூடாது மா. பிள்ளை மலத்திலும் பெரியவர்கள் மலத்தில் இருக்கிற கிருமி, புழு முட்டை எல்லாம் இருக்கும். மழை வந்தால் வாய்க்காலுக்குப் போகும், அடுத்த தெரு பிள்ளை அதில் குளிக்கும். கக்கூஸில் கொட்டித் தண்ணீர் விடு, டயாப்பரை மட்டும் சுற்றிக் குப்பையில் போடு. அப்புறம் உன் கையையும் அவன் கையையும் சோப்புப் போட்டுக் கழுவு.

வலங்கைமான்காரி:
ஐப்பசி வந்துவிட்டது, எழுத இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது. ஓட்டை வைத்தியம் வேலை செய்தது! அத்தைதான் வெட்டினார். வெட்டும்போதே சிரித்து, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். மூன்றாவது அளவுக்கு வந்தபோது ஒரு நாள் வாத்துக்குள் பொத்தென்று விழுந்தது. எழுந்து எட்டிப் பார்த்தான். பயப்படுவானோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "டிராக்டர்" என்றான். எனக்கு இன்னும் புரியவில்லை, ஆனால் சந்தோஷமாகத்தான் சொன்னான்.

நடுவில் தீபாவளி வந்து காரியம் கெட்டது. முறுக்கும் பால்கோவாவும் தின்று மூன்று நாள் அடக்கினான், சிரப்பையும் ஒரு நாள் மறந்துவிட்டேன். மறுபடி பத்தாயம். டாக்டரிடம் போனில் கேட்டு அளவைச் சரிசெய்தோம், ஐந்தாம் நாள் வழிக்கு வந்தான்.

நேற்று அடைமழை, கரண்டும் இல்லை. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் "அப்பாயி, ஆய்" என்றான். வாத்து முற்றத்தில் நனைந்து கிடந்தது. அத்தை தாழ்வாரத்தில் பேப்பரை விரித்துப்போட்டு, காலை நீட்டி, நன்னிலத்து அப்பாயி சொன்ன மாதிரியே பாதத்துக்கு நடுவில் உட்கார வைத்துக்கொண்டார். நான் டார்ச் பிடித்தேன். டயாப்பர், பட்டை எதுவும் இல்லை. மழையிலிருந்து ஒரு தவளை குதித்து வந்து எதிரே உட்கார்ந்துகொண்டது. "அதுக்கும் ஆய் வருது" என்றான். போய் முடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்பது நாளாக டயாப்பர் கேட்கவில்லை. பிரிக்காத பாக்கெட் ஒன்று மீதி இருக்கிறது, எக்ஸ்எல் சைஸ். வலங்கைமான், குடவாசல் பக்கத்தில் யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள்.

பாபநாசம் நர்ஸம்மா:
கொடுத்துவிடாதே மா, ராத்திரிக்கு வைத்துக்கொள். தூக்கத்தில் உச்சா நிற்பது தனிக் கணக்கு, ஐந்து வயது வரைக்கும்கூட ஆகும். மழைக் காலத்தில் மெத்தையை எங்கே காயப்போடுவாய்? சிரப்பையும் நிறுத்திவிடாதே.