ராஜா செத்த சேதி காயலுக்கு எப்போது வந்தது?

சென்னையிலிருந்து:

பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடுகிற கதை விளையாட்டில் கதையை நடத்துவது என் வேலை (ஜிஎம், அதாவது கேம் மாஸ்டர், என்பார்கள்). எங்கள் மேசையில் மந்திரத்தை நான் ஒழித்துக்கட்டியது கொள்கைக்காக இல்லை, எரிச்சலில். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் ஒரு அரண்மனைக் கொலை வைத்திருந்தேன். சந்தேகப்பட நான்கு பேர், ஒரு பொய்ச்சாட்சி, காணாமல் போன மோதிரம் என்று மூன்று வாரம் தயாரித்தது. கிளெரிக்காக, அதாவது மந்திரம் போடுகிற பூசாரியாக, ஆடியவர் நேராகப் போய்ப் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து 'ஸ்பீக் வித் டெட்' போட்டார், பிணத்தையே பேச வைக்கிற மந்திரம். ஐந்து கேள்வி கேட்கலாம். அவருக்கு இரண்டே போதுமாக இருந்தது. மிச்ச நேரம் பஜ்ஜி சாப்பிட்டோம்.

அதைத் தடை செய்தால் பொய் சொல்லவிடாத 'ஸோன் ஆஃப் ட்ரூத்' இருக்கிறது, அதையும் எடுத்தால் மனசைப் படிக்கிற 'டிடெக்ட் தாட்ஸ்' வருகிறது. ஆனால் சூழ்ச்சிக்கு உண்மையான எமன் 'செண்டிங்' என்கிற சேதி மந்திரம்தான் என்பது என் கட்சி. இருபத்தைந்து சொல், எவ்வளவு தூரமானாலும் அடுத்த நொடி போய்ச் சேரும், பதிலும் வந்துவிடும். சேதி எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டால் அப்புறம் எதை வைத்து அரசியல் பண்ணுவது?

அதனால் அடுத்த கேம்பெயினை, அதாவது பல நாள் தொடர்ந்து ஆடுகிற கதையை, 1310-ஆம் வருடத்து மதுரையில் வைத்தேன். மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1268-இல் பட்டத்துக்கு வந்தவர், இப்போது கிழவர். பட்டத்தரசி பெற்ற பிள்ளை சுந்தர பாண்டியன், இன்னொருத்தி பெற்ற பிள்ளை வீர பாண்டியன். அப்பாவின் மனசு வீரன் பக்கம் சாய, சுந்தரன் அப்பாவையே கொன்றான் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருக்கிறார். அப்படியே நடந்ததா என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. ஜிஎம்முக்கு அந்தச் சந்தேகம் ஒரு வரம்.

எனக்குக் கிடைத்த புதையல் என்னவோ குதிரைதான். பாரசீக வளைகுடாவின் கிஷ் தீவிலிருந்து வருஷத்துக்கு 1,400 குதிரை, ஒவ்வொன்றும் 220 தினார், வழியில் செத்த குதிரைக்கும் கஜானாவிலிருந்து விலை கொடுத்தாக வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்ததாக அதே வஸ்ஸாஃப் சொல்கிறார். செத்த குதிரைக்கும் காசு! இதைப் படித்தபின் முதல் செஷனுக்கு வேறு கதை தேடவில்லை. காயல் துறைமுகத்தில் கணக்கு எழுதுகிற ஒரு பிளேயர், 41 குதிரை செத்ததாக ஓலையில் பார்க்கிறார். எலும்பு எங்கே என்று அவர் கேட்கிறார். தேடிப்போனால் 'செத்த' குதிரைகள் வீர பாண்டியன் ஆட்களின் லாயத்தில் கொள்ளு தின்றுகொண்டிருக்கின்றன. இந்த மோசடி நானாகச் சேர்த்தது. ஆனால் ஒப்பந்தத்திலேயே அதற்கு வழி விட்டிருக்கிறார்கள், பாருங்கள்.

மந்திரத்தை முழுக்க எடுக்கவில்லை. ஒரு குறிசொல்லிக் கிழவி மட்டும் உண்டு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். திரைக்குப் பின்னால் நான் டி20, அதாவது இருபது முகப் பகடை, உருட்டுவேன். பதினைந்துக்கு மேல் வந்தால் உண்மை, இல்லாவிட்டால் கிழவிக்குத் தோன்றியது. எது வந்தது என்று யாருக்கும் காட்டுவதில்லை. நாலாவது செஷனுக்குள் கிழவி சொன்னது உண்மையா என்கிற கவலையே போய்விட்டது. கிழவி என்ன சொன்னாள் என்று ஊருக்குள் யார் என்ன பரப்புகிறார்கள் என்பதில்தான் எல்லார் கவனமும்.

அடிபட்டால் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து சரியாகிவிடுவதையும் நிறுத்தினேன். விதிப் புத்தகத்திலேயே ஒரு மாற்று வழி இருக்கிறது: குட்டி ஓய்வு எட்டு மணி நேரம், பெரிய ஓய்வு ஏழு நாள். ஏழு நாள் படுத்துக் கிடந்தால் எதிரி ஏழு நாள் முன்னால் போய்விடுவான். அதற்கப்புறம் எங்கள் ஆட்கள் கத்தியை உருவுமுன் ரொம்பவே யோசித்தார்கள்.

ரொம்ப நாள் சறுக்கியது, எதிராளி மனசைக் கணிக்கிற 'இன்சைட்' உருட்டலில். நாற்பது நிமிஷம் ஒரு அமைச்சரோடு பேசுவார்கள். கடைசியில் "பொய் சொல்றாரா?" என்று ஒரு பகடை. எண் நன்றாக விழுந்தால் நாற்பது நிமிஷமும் வீண். இப்போது உருட்டலில் ஜெயித்தால் பொய்யா மெய்யா என்று சொல்வதில்லை. அவருக்கு எதைக் கண்டு பயம் என்று மட்டும் சொல்கிறேன். "குதிரைக் கணக்கு பற்றிப் பேசினால் கலங்கவில்லை, ராஜமாதா பெயரைச் சொன்னதும் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டார்." இதை வைத்துக்கொண்டு ஒரு முழு செஷன் ஓடும். ராஜமாதாவை நான் மார்கோ போலோவிடம் எடுத்தேன். இங்கே அண்ணன் தம்பிகள் சண்டைக்கு நின்றால் தாய் கத்தியோடு நடுவில் வந்து, உங்களுக்குப் பால் கொடுத்த மார்பை அறுத்துக்கொள்வேன் என்பாளாம்.

இனி ஒன்பதாவது செஷன். இரண்டு பேர் காயலில், மூன்று பேர் மதுரையில் இருக்கும்போது ராஜா செத்தார். நடுவில் சுமார் 150 கிலோமீட்டர். குதிரை மாற்றி மாற்றி ஓட்டினால் இரண்டு நாள், நடந்து வருகிறவனுக்கு ஐந்து நாள் என்று முதலிலேயே விதி. காயல்காரர்களை அடுப்படிக்கு அனுப்பி, எல்லார் போனையும் வாங்கி இட்லிப் பானைக்குள் போட்டு மூடினேன். மதுரையில் மூன்று பேரும் சேதியை அமுக்குவதா, யாருக்கு முதலில் விற்பதா என்று குரல் தாழ்த்திச் சண்டை போடுகிறார்கள். அடுப்படியில் ஒருத்தர், செத்துப்போன ராஜாவின் முத்திரையை நம்பி அறுபது குதிரையைக் கடனுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். மூன்றாம் நாள் சந்தையில் குதிரை விலை திடீரென்று ஏறியது. "ஏன் ஏறுது?" என்று கேட்டார். வியாபாரிக்கும் தெரியாது, யாரோ வாங்குகிறார்கள் என்றேன். அவர் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே. ஓலை வருவதற்கு முன்பே விலையை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்! நான் அப்படித் திட்டமிடவே இல்லை.

"எங்களுக்குத்தான் சரித்திரம் தெரியுமே" என்று ஒரு பிளேயர் ஆரம்பத்திலேயே கேட்டார். மறைத்துப் பயனில்லை. பன்னிரண்டு கட்டம் போட்ட ஒரு தாளை முதல் நாளே மேசையில் ஒட்டினேன், தலைப்பு 'மாலிக் கபூர்', தெற்கே வந்துகொண்டிருந்த டில்லிப் படையின் தளபதி. அவன் நெருங்க நெருங்க ஒவ்வொரு கட்டமாகக் கறுக்கும். பாண்டியச் சண்டையில் குளிர்காயத் தெற்கே வந்த ஹொய்சள ராஜா வல்லாளன், டில்லிப் படை தன் ஊரை நெருங்குவது தெரிந்து திரும்பி ஓடியபோது ஏழாவது கட்டம் கறுத்தது. அவனே பணிந்து அந்தப் படைக்கு வழிகாட்டியானபோது எட்டும் ஒன்பதும். ஆடுகிறவர்களுக்குத் தெரியும், கேரக்டர்களுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் எங்கள் கடைசி ஆறு செஷனும் நடந்தது.

1311 ஏப்ரலில் கபூர் மதுரைக்கு வந்தபோது ஊர் காலி, இரண்டு மூன்று யானைகள்தான் விட்டுப்போயிருந்தன என்று டில்லிக் கவிஞர் அமீர் குஸ்ரு எழுதியிருக்கிறார். அதை வாசித்துக் காட்டினேன். குதிரைப் பாகனாக ஆடுகிறவர் கேட்டார்: "அந்த யானைக்கு யார் தீனி போடுறது?"

கோவையிலிருந்து:

நல்லா இருக்குங்க. நாங்களும் பாண்டியர் வெச்சு ஆடுனோம், மூணே செஷன்ல நின்னு போச்சு. காரணம் பேருங்க. ஒருத்தன் சடையவர்மன், அடுத்தவன் மாறவர்மன், அதுக்குள்ள சுந்தரன், வீரன், விக்கிரமன், குலசேகரன். தாத்தா பேரே பேரனுக்கும். யாரு யாருக்கு எதிரின்னு எங்களுக்கே புரியல. ஒருத்தர் தன்னோட சொந்தத் தலைவனையே காட்டிக் குடுத்துட்டாரு, துரோகம் இல்லீங்க, பேர்க் குழப்பம். இப்பெல்லாம் 'ஒத்தைக் கடுக்கன்', 'இருமல்காரர்'னு ஆளுக்கொரு அடையாளம் வெச்சுட்டுத்தான் ஆரம்பிக்கிறது.

கொழும்பிலிருந்து:

நாங்கள் எடுத்தது கண்டி, 1814. மந்திரம் துப்புரவாக இல்லை. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்க வம்சம், பிரதானிகளோ சிங்களவர். வெளியில் பிரிட்டிஷ் அதிகாரி ஜோன் டொய்லி இருந்து உளவு சேர்க்கிறார். எங்கட ஆக்கள் பெரிய மனிதர் இல்லை: ஒரு உப்பு வியாபாரி, ஒரு பிக்கு, ஒரு மொழிபெயர்ப்பாளர். ஒவ்வொரு முறையும் ஆட்டம் தொடங்கேக்க ஆளுக்கொரு துண்டு குடுப்பன், அதில் ஒரு தகவல். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. அதில எதை டொய்லியிடம் கொண்டுபோறது என்று அவர்களே கதைத்து முடிவெடுக்க வேணும். பகடை உருட்டினது மிகக் குறைவு.

ஒன்றை முதல் நாளே தீர்மானித்தோம். எஹலப்பொல என்ற பிரதானி வெள்ளைக்காரர் பக்கம் போனதால் அவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அரசன் குடுத்த தண்டனையை ஆட்டத்தில் காட்சியாக வைக்கிறதில்லை. சேதியாக மட்டும் வரும். வந்த அன்றைக்கு ஒருவரும் கதைக்கவில்லை, நேரத்தோடேயே முடித்துவிட்டோம்.

கண்டியை வெள்ளைக்காரரிடம் ஒப்படைத்த 1815 மார்ச் 2 உடன்படிக்கையில் சில பிரதானிகள் தமிழ் எழுத்தில் கையெழுத்து வைத்தார்கள். கடைசி ஆட்டத்தில் மொழிபெயர்ப்பாளரிடம் பேனையைக் குடுத்து, "சாட்சியாக நீரும் வையும், எந்த எழுத்தில் வைப்பீர்?" என்று கேட்டேன். பத்து நிமிடம் யோசித்தார். பிறகு பேனையில் மை இல்லை என்று சொல்லிப்போட்டு எழும்பிப் போய்விட்டார்.

அது சரி, யானைகளுக்கு என்ன நடந்தது?

மீண்டும் சென்னையிலிருந்து:

இன்னும் தெரியவில்லை. பாகன் ஊரை விட்டுப் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார், மற்ற நாலு பேரும் ராஜமாதாவோடு வடக்கு வாசல் தாண்டிவிட்டார்கள். பாகனாக ஆடுகிறவருக்கு ஜூன் வரை பரீட்சை. பன்னிரண்டாவது கட்டம் கறுக்காமல் அந்தத் தாள் எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. மாலிக் கபூர் யார் என்று வேலைக்கு வருகிற அக்கா இரண்டு தடவை கேட்டுவிட்டார்.