குடிநீர் வருமா, வராதா? 70 குறிக்குள் அடங்காத நகராட்சி அறிவிப்பு

தேன்மொழி:
"வீடுதோறும் குறுஞ்செய்தி போகத் தொடங்கிய பிறகு, தெருமுனை அறிவிப்புப் பலகையும் ஒலிபெருக்கி வண்டியும் நகராட்சிக்கு வீண் செலவு" என்று செங்கதிர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. சென்ற வாரம் எனக்கு வந்த அறிவிப்பை அப்படியே தருகிறேன்: "நாளை காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை 4, 5, 7 ஆம் தெருக்களில் குடிநீர்". இவ்வளவுதான். வருமா, வராதா? தமிழில் வினைமுற்று கடைசியில் நிற்பது. வாலை வெட்டினால் செய்தியின் உயிரே போய்விடுகிறது. தமிழில் அனுப்பும் குறுஞ்செய்தி ஒன்றில் 70 குறிகளுக்குத்தான் இடம் உண்டு, ஆங்கிலத்துக்கு 160. எங்கள் தெருவில் பாதிப் பேர் தண்ணீர் வரும் என்று நம்பி, குடங்களைக் காலியாகவே வைத்திருந்தார்கள்.

செங்கதிர்:
70 என்பது பழங்கதை. நீண்ட செய்தியைத் துண்டுகளாக அனுப்பினால் கைப்பேசியே ஒட்டிக் காட்டிவிடும். நீங்கள் கொடுத்த வரியில் இலக்கங்களைச் சேர்த்து எண்ணினாலும் 32 எழுத்துகள்தான் இருக்கின்றன. கணக்குத் தெரியாமல் குற்றம் சாட்டுவது உங்களுக்குப் புதிதல்லவே.

தேன்மொழி:
எழுத்து வேறு, கணினி எண்ணும் குறி வேறு. "நீர்" நமக்கு இரண்டு எழுத்து. கணினிக்கு நகரம், ஈகாரக் குறி, ரகரம், புள்ளி என நான்கு. இடைவெளிகளையும் காற்புள்ளிகளையும் விடாமல் எண்ணுங்கள். "குடிநீர்" என்ற சொல்லுக்குப் பின்வரும் இடைவெளியோடு சரியாக 70 முடிகிறது. துண்டுகளாக ஒட்டி அனுப்பும்போது இணைப்புத் தகவலே இடம் பிடித்துக்கொள்வதால், ஒவ்வொரு துண்டிலும் 67 குறிகள்தான் மிஞ்சும். கட்டணமும் துண்டுக்குத் துண்டு கூடும். வசதி இருக்கிறது என்கிறீர்கள். எனக்கு வந்த செய்தியை யார் ஒட்டினார்கள்?

முல்லைநாதன்:
இருவரும் குறி எண்ணுவதிலேயே நிற்கிறீர்கள். மக்கள் திருப்பிக் கேட்க வழியில்லாத அறிவிப்பு எத்தனை நீளமாக இருந்தால் என்ன? அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் 1996லேயே 311 என்ற ஒற்றைத் தொலைபேசி எண்ணைக் கொண்டுவந்தது. அத்தகைய எண் இருந்திருந்தால், தண்ணீர் வருமா என்று ஒரே அழைப்பில் தெரிந்துகொண்டிருக்கலாம்.

செங்கதிர்:
பால்டிமோரில் அந்த எண் அவசரமில்லாத காவல்துறை அழைப்புகளுக்காகத் தொடங்கப்பட்டது. குடிநீர் விசாரிக்க அல்ல. நகரத் துறைகளின் சேவைகளை அந்த எண்ணில் ஒன்றுசேர்த்ததற்கு 2003இல் தொடங்கிய நியூயார்க்கைச் சொல்லியிருக்க வேண்டும். அரைகுறையாக மேற்கோள் காட்டுவதை முல்லைநாதன் எப்போதுதான் விடுவாரோ.

முல்லைநாதன்:
சென்ற மாதம் சொத்துவரி விவாதத்தில் என்னிடம் தோற்ற கோபத்தை இங்கே கொட்டாதீர்கள். 1996 என்ற ஆண்டு தவறா, சரியா? அதை மட்டும் சொல்லுங்கள்.

தேன்மொழி:
ஆண்டுச் சண்டையை நீங்கள் தனியே வைத்துக்கொள்ளுங்கள். குழப்பம் வந்த பிறகு விசாரிக்க எண் தருவதைவிட, குழப்பாமல் எழுதுவதுதான் நகராட்சியின் முதல் கடமை. "குடிநீர் வராது" என்று முதலில் எழுதிவிட்டுத் தேதியையும் தெருவையும் பின்னால் சேர்த்திருந்தால், எங்கே வெட்டுப்பட்டாலும் முக்கியமான சொல் பிழைத்திருக்கும். அந்தத் தெருமுனைப் பலகையில் சுண்ணாம்பால் பெரிதாக "தண்ணீர் வராது" என்று எழுதியிருந்தால், கைப்பேசியே இல்லாத பாட்டியும் முந்தின நாளே குடத்தை நிரப்பியிருப்பார். அதையா வீண் செலவு என்கிறீர்கள்?

செங்கதிர்:
ஓர் ஊழியர் செய்த பிழைக்காகக் குறுஞ்செய்தி முறையையே பழிப்பது நியாயமில்லை. மழையில் அழிந்த பலகையை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். 32 எழுத்தை 70 என்று நீங்கள் நீட்டியதையும் நான் இன்னும் ஏற்கவில்லை.

தேன்மொழி:
ஏற்க வேண்டாம், எண்ணுங்கள். "நாளை" என்பதிலிருந்தே தொடங்குங்கள், அதில் நான்கு குறிகள் இருக்கின்றன.