கோகர்ணம் மலைப்பாதை: முழங்கால் வலி உள்ள அப்பாவோடு போகலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். ஜனவரியில் ஐந்து நாள் கர்நாடகக் கடற்கரை ஊரான கோகர்ணம் போகிறோம்: நான், மனைவி, எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், 67 வயது அப்பா. சென்னை சென்ட்ரலிலிருந்து மங்களூர், அங்கிருந்து கொங்கண் ரயிலில் கோகர்ணா ரோடு. இதுவரை முடிவாகிவிட்டது.

குட்லே, ஓம், ஹாஃப் மூன், பாரடைஸ் கடற்கரைகளைக் குன்றுகள் மேலேயே நடந்து கடக்கலாம் என்பதுதான் எங்களை இழுத்தது. அதற்காகவே இரண்டு மாதமாக ஞாயிறுதோறும் பரங்கிமலைப் படிகளில் ஏறிப் பழகுகிறோம். அப்பா மூச்சு வாங்காமல் ஏறிவிடுகிறார். இறங்கும்போதுதான் வலது முழங்காலை அழுத்திப் பிடித்தபடி ஒரு நொடி நிற்கிறார். கேட்டால், "ஒன்றுமில்லை, நீ நட" என்கிறார்.

ஓம் கடற்கரையிலிருந்து ஹாஃப் மூன் வரை இறக்கம் எப்படி இருக்கும்? சரளைக்கல் வழுக்குமா? நடுவில் முடியாமல் போனால் அவரைப் படகில் அழைத்துவர வழி உண்டா? அறையில் விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

மகளுக்கு முருடேஸ்வரத்திலிருந்து படகில் போய் நேத்ராணி தீவருகே ஸ்கூபா (மூச்சுக்கருவியோடு கடலுக்கடியில் நீந்துவது) செய்ய ஆசை. நீச்சல் குளத்தில் மட்டுமே பழகியவள். பயிற்சியாளரிடம் முன்கூட்டியே என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?

120 மீட்டர் உயர யாணா பாறையை ஒரே நாளில் காரில் போய்ப் பார்த்துத் திரும்பலாம் என்றிருக்கிறோம். தண்டேலியில் காளி ஆற்று ராஃப்டிங்கை இந்த முறை விட்டுவிட்டோம்.

வயதானவர்களை அந்தக் குன்றுப் பாதையில் அழைத்துப் போனவர்கள் இருந்தால் அவசியம் எழுதுங்கள். இந்த வாரம் அறை பதிவு செய்ய வேண்டும்.