ஆச்சிக்கு ஒரு புதுச் சட்டி

போரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மழை, செம்மணி வெளி, நாவற்குழிப் பாலத்தில் அடியடியாய் நகர்ந்த சனம். நான் எழுத வந்தது அதற்குப் பிறகு தென்மராட்சிப் பக்கம் மீசாலையில் எங்களுக்கு இடம் தந்த ஒரு வீட்டு அம்மாவைப் பற்றி.

அது வேதக்கார வீடு, கிறிஸ்தவர்கள். உள்ளே ஏற்கெனவே வேறு குடும்பங்கள் இருந்தன, எங்களுக்கு விறாந்தை. ஆச்சி மட்டும் படலையிலேயே நின்றுவிட்டார். நெற்றி நிறையத் திருநீறு, வாயில் எந்நேரமும் தேவாரம். பிள்ளைகள் எல்லாரையும் மானிப்பாய் மிசன் ஆஸ்பத்திரியில்தான் பெற்றவர். ஆனாலும் வேதக்காரரின் மருந்தைக் குடிக்கலாம், சோற்றைத் தின்னக்கூடாது என்பது அவருடைய சட்டம். அதில் என்ன நியாயம் என்று கேட்டால் ஏச்சு விழும்.

யாரும் சொல்லாமலே அந்த அம்மா இதை விளங்கிக்கொண்டார். அடுத்த நாள் சாவகச்சேரிச் சந்தைக்குப் போய் ஒரு புது மண்சட்டியும் அகப்பையும் வாங்கி வந்தார். குசினிக்கு வெளியே மூன்று கல்லு வைத்தார். "ஆச்சி, இது மீன் மச்சம் படாத சட்டி. நீங்களே சமையுங்கோ. நான் தண்ணி மட்டும் அள்ளித் தாறன்."

எல்லாம் யானை விலை விற்ற நேரம் அது. "இடம்பெயர்ந்து வந்தும் ஆசாரமோ?" என்று அப்பாவே ஆச்சியை ஏசினார். அந்த அம்மா முகம்கூடச் சுளிக்கவில்லை. சோறு போட்ட வீடுகள் அந்த நாட்களில் தென்மராட்சியில் நிறைய இருந்தன. ஒரு கிழவியின் பிடிவாதத்துக்கும் சேர்த்து இடம் கொடுத்தது, நான் பார்த்தவரை, அந்த வீடுதான்.

இரவிரவாக நடந்ததில் ஆச்சியின் கால் வீங்கி, குதிக்கால் வெடிப்பு புண்ணாகியிருந்தது. மருந்து கிடைக்காத காலம். அந்த அம்மா வேப்பிலை அவித்த தண்ணீரைச் சருவத்தில் ஊற்றி, நிலத்தில் குந்தியிருந்து, வெடிப்புக்குள் இருந்த மண்ணை விரல் நுனியால் மெல்ல எடுத்து எடுத்துக் கழுவினார். ஆச்சி காலை இழுத்துக்கொண்டார்.

"என்ன பிள்ளை இது, என்ரை காலைப் போய்..."

"பேசாமல் இருங்கோ ஆச்சி, தண்ணி ஆறுது."

கனகாலம் கழித்து ஒரு சிநேகிதனோடு பெரிய வியாழன் ஆராதனைக்குப் போனேன். யோவான் 13ஆம் அதிகாரம் வாசித்தார்கள். யேசு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவிய இடம் வந்தபோது, பக்கத்தில் இருந்தவர்களுக்கு எப்படியோ தெரியாது, எனக்கு வேப்பிலை மணந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். உலையில் அரிசி போடும் ஒவ்வொரு முறையும் அந்த அம்மா ஒரு பிடி அள்ளித் தனிப் பானையில் போடுவார். அவர்களின் கோயிலுக்குக் கொடுக்கும் பிடியரிசி. அந்த மாதங்களில் அது பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த சனத்தின் கஞ்சிக்குப் போனது. "இருக்கிறதே காணாது, இதிலையும் எடுக்கிறியே பிள்ளை?" என்று ஆச்சி ஒருநாள் கேட்டேவிட்டார். "அந்தப் பிடி எங்கடை இல்லையே ஆச்சி" என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டார்.

பிரசங்கம் ஒன்றும் இல்லை. பின்னேரம் அவர்கள் உள்ளறையில் மெதுவாகச் செபம் சொல்வார்கள், விறாந்தையில் ஆச்சியின் தேவாரம் அதைவிடச் சத்தமாகக் கேட்கும். எங்களை யாரும் கூப்பிட்டதில்லை.

மார்கழிக் குளிரில் ஆச்சிக்குக் காய்ச்சல் வந்தது. எழும்பிச் சமைக்க முடியவில்லை. அந்த அம்மா கஞ்சி கொண்டுவந்து வாயருகே பிடித்தபோது, எந்தச் சட்டியில் வைத்தது என்று ஆச்சி கேட்கவில்லை. நான்தான் பிறகு வாயை வைத்துக்கொண்டு இராமல் கேட்டேன்.

"காய்ச்சலுக்குக் குடிச்ச கஞ்சி மருந்துதானேடா" என்றார்.

காய்ச்சல் விட்ட பிறகும் அந்த மருந்து ஒரு கிழமைக்கு மேல் நடந்தது.