ஹிரோஷிமாவில் டிராம் மட்டும் போதுமா?

கேள்வி: அடுத்த மாதம் அம்மாவுடன் ஹிரோஷிமா போகிறேன். அவருக்கு மூட்டுவலி, அதிகம் நடக்க முடியாது. டிராமிலேயே ஊரைச் சுற்றிவிடலாமா? மியாஜிமா தீவுக்கும் அதுவே போதுமா?

பதில் 1: ஊருக்குள் தாராளமாகப் போதும். 2025 ஆகஸ்டிலிருந்து டிராம், ஹிரோஷிமா ரயில் நிலையக் கட்டிடத்தின் இரண்டாம் தளத்துக்கே வந்துவிடுகிறது. 2 அல்லது 6ஆம் எண் வண்டியில் ஏறி கென்பாகு டோம் மாயே நிறுத்தத்தில் இறங்குங்கள். அணுகுண்டில் சிதைந்த கென்பாகு டோம் கட்டிடம் எதிரிலேயே நிற்கும். நடு அல்லது பின் கதவில் ஏறி, இறங்கும்போது முன்னால் ஓட்டுநர் அருகே காசு போட வேண்டும். உண்டியல் மீதி தராது. பக்கத்தில் உள்ள இயந்திரத்தில் ஆயிரம் யென் தாளை முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள். இக்கோகா (முன்கூட்டியே பணம் போட்டுவைத்து, தொட்டுக் கட்டணம் செலுத்தும் பயண அட்டை) இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

அப்புறம், 651, 652 என்ற எண்களைக் கவனியுங்கள். 1945இல் குண்டுவீச்சுக்கு ஆளாகி, பழுதுபார்க்கப்பட்டு இன்றும் ஓடும் வண்டிகள். வார நாட்களில் காலை நெரிசல் நேரத்தில் கண்ணில் படலாம். குண்டு விழுந்த மூன்றாம் நாளே ஒரு பகுதிப் பாதையில் டிராமை ஓடவைத்த ஊர் இது. அதை நினைத்தாலே எனக்கு மெய்சிலிர்க்கும்.

பதில் 2: மியாஜிமாவுக்கு மட்டும் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ரயில்தான் நல்லது. அரை மணி நேரத்துக்குள் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள மியாஜிமாகுச்சி நிலையத்துக்குப் போய்விடலாம், டிராமில் ஒரு மணி நேரத்துக்கும் மேல். அங்கிருந்து எப்படியும் படகுதான்.

கேள்வி கேட்டவர்: சரி, போகும்போது ரயில், திரும்பும்போது டிராம். அம்மாவுக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தால் போதும். நன்றி!